யாருடைய இரவு? கணினிவழி 24 மணிநேரக் கார்ப்பந்தயங்களும் பொதுக் கடிகாரத்தின் வரலாறும்

நேர மண்டலங்களின் வரலாற்றை ரயில் அட்டவணையிலிருந்தும் தந்திக் கம்பியிலிருந்தும் தொடங்குவதே நம் துறைகளில் வழக்கம். அந்த வரலாற்றின் பிந்தைய அத்தியாயம் ஒன்றை, ஆய்வுப்பொருளாக அதிகம் பேர் கருதாத ஓரிடத்திலிருந்து இங்கே பார்க்க முயல்கிறேன். சிம் ரேஸிங் எனப்படும் கணினிவழிக் கார்ப்பந்தயம்தான் அந்த இடம். அதிலும் 6, 12, 24 மணிநேரம் நீளும் அணிப் பந்தயங்கள். மேசையில் பொருத்திய ஸ்டீயரிங்கும் காலடியில் பெடலும் எதிரே திரையுமாக, வெவ்வேறு கண்டங்களில் அமர்ந்திருக்கும் மூன்று நான்கு பேர் ஒரே காரை முறைவைத்து ஓட்டுகிறார்கள். இதைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் 'எல்லோருக்கும் பொதுவான ஒரு நேரம்' என்பது எப்படி உருவாக்கப்படுகிறது, அதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்ற பழைய கேள்வி இங்கே மிகத் தெளிவாகத் தெரிகிறது. பதிவு சற்று நீளமானது, பொறுத்தருள்க.

நெடுநேரப் பந்தயம் என்றதும் நினைவுக்கு வருவது பிரான்சின் லெ மான்ஸ். அமெரிக்காவில் அதற்கு முன்பே 24 மணிநேரப் பந்தயங்கள் நடந்ததுண்டு என்றாலும், அந்த வடிவத்தை நிலைநிறுத்தியது 1923 மே 26, 27 ஆகிய நாட்களில் லெ மான்ஸ் சாலைகளில் தொடங்கிய பந்தயமே. வேகத்தைவிட நம்பகத்தன்மையே அங்கு முதன்மையாகச் சோதிக்கப்பட்டது. அந்நாளைய கார்களில் முகப்பு விளக்கு ஒரு பலவீனமான உறுப்பு. அது இரவெல்லாம் எரிகிறதா, எஞ்சின் விடியும்வரை தாங்குகிறதா என்று பார்ப்பதற்காகவே பந்தயம் இரவுக்குள் நீட்டப்பட்டது. அதாவது, இரவு அங்கே ஒரு சோதனைக் கருவி. அந்தக் கருவி எல்லோர்மீதும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் செயல்பட்டது. முதலிடத்தில் இருப்பவருக்கும் கடைசியில் இருப்பவருக்கும் சூரியன் ஒரே நொடியில்தான் மறைந்தது.

'ஒரே நொடி' என்றேன். அந்த நொடிக்கு எந்த எண்ணைக் கொடுப்பது என்பதில் பிரான்சுக்குத் தனி வரலாறு உண்டு. 1884-இல் வாஷிங்டன் மாநாடு கிரீனிச் தீர்க்கரேகையை உலகத்தின் தொடக்கக் கோடாக ஏற்றபோது பிரான்ஸ் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது. 1911-இல் வேறு வழியின்றி அந்த நேரத்துக்கு மாறியபோதும் கிரீனிச் என்ற பெயரைச் சட்டத்தில் எழுதவில்லை. 'பாரிஸ் சராசரி நேரத்திலிருந்து 9 நிமிடம் 21 நொடி குறைத்தது' என்று எழுதிவைத்தார்கள். பெயரைச் சொல்லாமல் பொருளை ஏற்கும் இந்தத் தொடரை மொழியியல் வகுப்புகளில் எடுத்துக்காட்டாகத் தரலாம். இத்தனைக்கும் லெ மான்ஸ் நகரம் கிரீனிச் கோட்டுக்குச் சற்றே கிழக்கில், ஏறத்தாழ அதன்மேலேயே இருக்கிறது. ஆனால் 1940-இல் ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது புகுத்தப்பட்ட மத்திய ஐரோப்பிய நேரம் போருக்குப் பின்னும் நிலைத்துவிட்டது. அதன்மேல் கோடைக்கால நேரமும் சேர்வதால், ஜூன் மாதத்தில் லெ மான்ஸின் கடிகாரம் அதன் சூரியனைவிட ஏறக்குறைய இரண்டு மணிநேரம் முந்தி ஓடுகிறது. இரவு 10 மணியளவில்தான் அங்கு பொழுது சாய்கிறது. நிஜப் பந்தயத்தின் இரவே அரசியல் கடிகாரத்தில் எழுதப்பட்ட இரவுதான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

ஓட்டுநரின் உடலை விதிகள் மெதுவாகத்தான் கவனித்தன. 1950-இல் லூயி ரோசியே தம் மகனுக்கு இரண்டு சுற்றுகளை மட்டும் கொடுத்துவிட்டு மற்ற நேரமெல்லாம் தாமே ஓட்டி வென்றார். 1952-இல் பியர் லெவெக் துணை ஓட்டுநரை உட்காரவே விடாமல் சுமார் 23 மணிநேரம் ஓட்டினார். பெரிய இடைவெளியில் முன்னணியில் இருந்தவரின் எஞ்சின் கடைசிக் கட்டத்தில் உடைந்தது, மெர்சிடிஸ் வென்றது. இன்றைய லெ மான்ஸ் விதிப்படி எந்த 6 மணிநேரத்திலும் ஒருவர் 4 மணிநேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. மொத்தத்தில் 14 மணியைத் தாண்டக் கூடாது. (நம் இலக்கண மரபின் சிறுபொழுதும் பத்து நாழிகை, அதாவது 4 மணிநேரமே. இரண்டுக்கும் உறவு எதுவுமில்லை. மனித உடலின் கவன எல்லை அந்த அளவில்தான் நிற்கிறதோ என்று எண்ணிப் பார்க்கலாம், அவ்வளவே.)

இனி கணினிக்கு வருவோம். டேவிட் கேமரும் ஒமர் குதாரியும் தொடங்கிய பாபைரஸ் நிறுவனம் 1989-இல் வெளியிட்ட இண்டியானாபொலிஸ் 500 விளையாட்டிலிருந்து இந்தத் துறையின் வரலாற்றைத் தொடங்குவது மரபு. இணையவழிப் போட்டிக்கு அதைவிட முக்கியமானது, அதே நிறுவனம் 1998-இல் வெளியிட்ட கிராண்ட் பிரி லெஜெண்ட்ஸ். 1967-ஆம் ஆண்டின் பந்தயப் பருவத்தை அது மீட்டுருவாக்கியது. தொலைபேசிக் கம்பியில் மோடம் வைத்து உலகத்தின் இருவேறு மூலைகளிலிருந்து ஒரே வளைவில் நுழைய முடியும் என்பதைப் பலர் அதில்தான் முதலில் கண்டார்கள். ஐரோப்பாவின் பல நாடுகளில் உள்ளூர் அழைப்புக்கும் நிமிடக் கணக்கில் கட்டணம் இருந்த காலம் அது. பந்தயத்தின் நீளத்தை எஞ்சின் முடிவு செய்யவில்லை, தொலைபேசிக் கட்டண ரசீது முடிவு செய்தது.

அந்த மெல்லிய கம்பியில் பந்தயம் எப்படிச் சாத்தியமாயிற்று என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். எதிராளியின் கார் எங்கே இருக்கிறது என்ற செய்தி என் கணினிக்கு வந்து சேர்வதற்குள் அந்தக் கார் வேறிடத்துக்குப் போயிருக்கும். எனவே என் கணினி காத்திருப்பதில்லை. கடைசியாகத் தெரிந்த வேகம், திசை ஆகியவற்றைக் கொண்டு கார் இப்போது இருக்கக்கூடிய இடத்தை ஊகித்து வரைகிறது. கரை தெரியாத கடலில் கப்பலின் இடத்தைக் கணிக்க மாலுமிகள் கையாண்ட 'டெட் ரெக்கனிங்' முறைதான் இது. 1980-களில் அமெரிக்க ராணுவம் டாங்கிப் பயிற்சிக்காக அமைத்த சிம்நெட் வலையமைப்பு இதைக் கணினிக்குக் கொண்டுவந்தது. விளையாட்டுகள் பின்னர் எடுத்துக்கொண்டன. தாமதத்தை அளக்கும் சொல்லும் கடலிலிருந்தே வந்தது. 1983-இல் மைக் மூஸ் தாம் எழுதிய சிறு நிரலுக்கு, நீர்மூழ்கிகளைத் தேடும் சோனார் கருவியின் ஒலியை நினைத்து 'பிங்' என்று பெயரிட்டார்.

இதன் விளைவு விசித்திரமானது. சர்வரில் இணைந்திருக்கும் 50 ஓட்டுநர்களும் 50 பந்தயங்களைப் பார்க்கிறார்கள். ஒவ்வொருவர் திரையிலும் அவரவர் கார் மட்டுமே உறுதியான நிகழ்காலத்தில் இருக்கிறது, மற்றவை ஊகங்கள். கண்ணாடி இழைக்குள் ஒளி 1,000 கிலோமீட்டர் செல்ல ஏறத்தாழ 5 மில்லிசெகண்ட் ஆகிறது. சென்னைக்கும் பிராங்பர்ட்டுக்கும் நேர்கோட்டுத் தொலைவு சுமார் 7,500 கிலோமீட்டர் என்று கொண்டால், போய்த் திரும்பவே 75 மில்லிசெகண்ட் ஆகும். கடலடிக் கம்பிவடம் நேர்கோட்டில் செல்வதில்லை; செங்கடலையும் எகிப்தையும் சுற்றிக்கொண்டு செல்கிறது. ஆகவே நடைமுறையில் 100-ஐத் தாண்டிவிடும். மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் அந்த 100 மில்லிசெகண்டில் ஏறக்குறைய 7 மீட்டர் நகர்ந்திருக்கும், அதாவது ஒன்றரைக் கார் நீளம். என் திரையில் இடைவெளி இருக்கிறது. அவர் திரையில் நான் இடித்துவிட்டேன். ஓட்டுநர்கள் இதை 'நெட்கோட்' என்பார்கள். மென்பொருளின் ஓர் உறுப்பைக் குறித்த சொல் ஒரு விபத்தின் பெயராகவே மாறிவிட்டது. 'அது நெட்கோட்' என்று சொல்லும்போது குற்றம் யாருடையதும் அல்ல என்பது பொருள்.

ஆனால் அதன் சுமை எல்லோருக்கும் சமமல்ல. சர்வரை எங்கே வைப்பது என்பது பந்தயத்தை எங்கே நடத்துவது என்பதற்கு இணையான முடிவு. பிராங்பர்ட்டில் வைத்தால் இந்தியரும் ஆஸ்திரேலியரும் மற்றவர் கண்ணுக்குத் துள்ளும் கார்களாகத் தெரிவார்கள். மும்பையில் வைத்தால் ஐரோப்பியர்கள் துள்ளுவார்கள். பெரும்பான்மை எங்கே இருக்கிறதோ அங்கேதான் சர்வர் வைக்கப்படுகிறது. சர்வர் எங்கே இருக்கிறதோ அங்கே புதியவர்கள் சேர்கிறார்கள். 2008 ஜனவரி இறுதியில் எகிப்தின் அலெக்சாந்திரியா அருகே கடலடிக் கம்பிவடங்கள் அறுந்து இந்தியாவின் இணையம் பல நாட்கள் தடுமாறியது. அதே ஆண்டில்தான், கேமரும் ஜான் ஹென்றியும் தொடங்கிய ஐரேஸிங் என்ற கட்டணச் சேவை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. இத்துறையின் நெடுநேரப் பந்தயங்கள் இன்று பெருமளவில் நடப்பது அதில்தான்.

தொடக்கத்தில் பல விளையாட்டுகளில் ஓட்டுநர் மாற்றம் என்ற வசதியே இல்லை. நீண்ட பந்தயம் வேண்டுமென்றால் ஒருவரே ஓட்டித் தீர்க்க வேண்டும், லெவெக்கின் நிலைதான். ஐரேஸிங்கில் அணி வசதி 2010-களின் நடுவில் வந்த பிறகே 24 மணிநேரப் பந்தயம் அங்கே பொருள் உள்ளதாயிற்று. கூடவே 'நியாயப் பங்கு' என்ற விதியும் வந்தது. ஒவ்வொருவரும் தம் சமப்பங்கின் கால்பகுதியையாவது ஓட்டியிருக்க வேண்டும். நால்வர் அணியில் சமப்பங்கு 6 மணிநேரம். ஆகவே குறைந்தது ஒன்றரை மணிநேர அளவுக்குச் சுற்றுகள். நிஜ லெ மான்ஸின் விதி ஒருவர் மிகையாக ஓட்டுவதைத் தடுக்கிறது. இந்த விதி ஒருவர் மிகக் குறைவாக ஓட்டுவதைத் தடுக்கிறது. பெயரளவில் அணியில் சேர்ந்துவிட்டு உறங்கிவிடுபவர்தான் இங்கே சட்டமியற்றுபவரின் கவலை.

இன்னொரு செய்தி எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் பிடித்தமானது. 2006-இல் வெளிவந்த ஜி.டி.ஆர். 2 போன்ற விளையாட்டுகளில் பகலும் இரவும் மாறிவந்தன. ஐரேஸிங்கிலோ 2019 வரை சூரியன் நகரவில்லை. பந்தயத்துக்கு 'பிற்பகல்' என்று தேர்ந்தெடுத்தால் 24 மணிநேரமும் பிற்பகல்தான். நிழல் அசையாத சாலையில் ஒரு நாள் முழுவதும் ஓட்டினார்கள். 1923-இல் எதைச் சோதிக்க இரவு தேவைப்பட்டதோ, அந்த இரவே இல்லாத நெடுநேரப் பந்தயம்! விளக்கும் இல்லை, தேயும் எஞ்சினும் பெரும்பாலும் இல்லை. எஞ்சியது ஓட்டுநரின் சன்னலுக்கு வெளியே இருந்த இரவு மட்டுமே. அது ஒவ்வொருவருக்கும் வேறு வேறு நேரத்தில் வந்தது. திரையில் மங்காத வெயில், அறையில் அதிகாலை 3 மணி.

இங்கேதான் அமைப்பாளரின் வேலை தொடங்குகிறது. மொழியியலில் 'இங்கே', 'இப்போது', 'நாளை' போன்றவற்றைச் சுட்டுச் சொற்கள் என்கிறோம். பேசுபவர் எங்கே, எப்போது நிற்கிறார் என்று தெரியாவிட்டால் இவற்றுக்குப் பொருளில்லை. கடலில் மிதந்துவந்த புட்டியைத் திறந்தால், நாளை நண்பகல் இங்கே வந்து என்னைச் சந்திக்கவும் என்ற பொருளில் ஒரு சீட்டு இருப்பதாக சார்லஸ் ஃபில்மோர் கூறிய எடுத்துக்காட்டு பலருக்கும் நினைவிருக்கும். பல கண்டத்து லீக்கின் அறிவிப்பு அப்படிப்பட்ட புட்டிதான். 'சனிக்கிழமை இரவு' என்று எழுதினால் ஆக்லாந்தில் ஒருவர் பல மணிநேரம் முன்னதாகவே அமர்ந்திருப்பார். அதனால் சுட்டுச் சொற்கள் உதிர்ந்து, அறிவிப்புகளில் எண்ணும் யு.டி.சி. என்ற மூன்றெழுத்தும் மட்டுமே மிஞ்சின. அந்த மூன்றெழுத்தும் ஒரு சமரசமே. ஆங்கில வரிசைப்படி சி.யு.டி. என்றும் பிரெஞ்சு வரிசைப்படி டி.யு.சி. என்றும் வர வேண்டியதை, எந்த மொழிக்கும் சொந்தமில்லாத வரிசையில் அடுக்கி முடித்தார்கள்.

எழுத்து நடுநிலையானதாக இருக்கலாம், எண் அப்படியல்ல. ஐரேஸிங்கின் பெரும் பந்தயங்கள் ஒரே வார இறுதியில் பல தொடக்க நேரங்களில் நடத்தப்படுகின்றன. வெள்ளி இரவு 22, சனிக்கிழமை 7, 12, 16 மணி என்பது நெடுங்காலம் பழகிய வரிசை. எல்லாம் கிரீனிச் நேரம். இந்தியாவில் இவை முறையே சனிக்கிழமை அதிகாலை 3.30, பகல் 12.30, மாலை 5.30, இரவு 9.30. பார்க்க நியாயமான பங்கீடுதான். ஆனால் வலிமையான அணிகளும் நேரலை வர்ணனையும் பெரும்பாலும் 12 மணித் தொடக்கத்தையே நாடுகின்றன. ஐரோப்பாவில் அது நண்பகலை ஒட்டிய வேளை. அமெரிக்கக் கிழக்குக் கரையில் காலை உணவு நேரம். சிட்னியில் கோடையானால் இரவு 11 மணி. மற்ற நேரங்களில் வென்றவரும் வென்றவரே, ஆயினும் 'உண்மையான' பந்தயம் எது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. பல தொடக்க நேரங்கள் உறக்கத்தின் சமத்துவத்தைத் தருகின்றன, போட்டியின் ஒருமையைப் பறித்துவிடுகின்றன. இது தீர்வு என்று சொல்வோருடன் நான் உடன்படவில்லை. மையமும் விளிம்பும் அப்படியே இருக்க, விளிம்புக்குத் தனி அறை ஒதுக்கும் ஏற்பாடு இது.

பருவம் முழுவதும் நீளும் லீக்குகளுக்குக் கோடைக்கால நேரம் வேறொரு தலைவலி. அமெரிக்கா 2007 முதல் மார்ச் இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை முன்னே தள்ளுகிறது. ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறன்று. இடைப்பட்ட இரண்டு மூன்று வாரங்கள் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் உள்ள வேறுபாடு 5 மணி அல்ல, 4. ஃபுளோரிடாவின் செப்ரிங் 12 மணிநேரப் பந்தயம் நடப்பதும், அதன் கணினி வடிவம் பெரும்பாலும் நடப்பதும் மார்ச்சில்தான்! சிட்னியோ ஏப்ரல் முதல் ஞாயிறன்று எதிர்த்திசையில் மாறுகிறது. பிரிஸ்பேன் மாறுவதே இல்லை. லண்டனுக்கும் சிட்னிக்கும் இடையே ஓராண்டில் 9, 10, 11 மணி என மூன்று வேறுபாடுகள். பத்துச் சுற்றுகள் கொண்ட சாம்பியன்ஷிப்பில் ஏதோ ஒரு சுற்றில் ஒருவர் ஒரு மணிநேரம் தாமதமாக வந்து, அணி தொடக்க வரிசையில் நிற்காமல் புள்ளிகளை இழப்பது அரிதல்ல. அப்போது வரும் முறையீடுகளின் மையக் கேள்வி ஒன்றே: விதி சொன்னது யு.டி.சி.-யையா, அமைப்பாளரின் ஊர் நேரத்தையா?

இந்தியாவுக்குக் கோடைக்கால நேரம் இல்லை, அரைமணி உண்டு. மற்றவர்களின் அட்டவணைகள் முழு மணிகளாக நகர, நம் வரிசை மட்டும் இரு கட்டங்களுக்கு நடுவில் நிற்கும். அந்த அரைமணியும் இயற்கை தந்ததல்ல. மதராஸ் வானாய்வகத்தின் நேரம் கிரீனிச்சைவிட 5 மணி 21 நிமிடம் முந்தியது. ரயில்கள் நெடுங்காலம் அதன்படி ஓடின. 1906 ஜனவரி 1 முதல் 82.5 பாகைக் கோட்டை வைத்து 5.30 என்று முடிவு செய்தபோது கல்கத்தாவும் பம்பாயும் இணங்கவில்லை. கல்கத்தா 1948 வரையிலும், பம்பாய் 1955 வரையிலும் தம் நேரத்தைப் பற்றிக்கொண்டிருந்தன. பொதுக் கடிகாரம் ஒன்றை ஏற்க ஒரு நகரத்துக்கு அரை நூற்றாண்டு ஆகியிருக்கிறது. ஒரு லீக் அதைப் பருவத் தொடக்கத்துக்கு முந்தைய ஒரு வாரத்தில் செய்து முடிக்க முயல்கிறது.

இத்தனைக்கும் நடுவில், பாதிக்கப்பட்டவர்களே கண்டுபிடித்த உத்தி ஒன்று உண்டு. ஒரே நகரத்து நால்வர் சேர்ந்த அணிக்கு ஒரே இரவு. நால்வரும் ஒன்றாகவே களைக்கிறார்கள். பெர்த், பெங்களூரு, லிஸ்பன், டொரொன்டோ என்று பிரிந்திருக்கும் அணிக்கோ எப்போதும் ஒருவருக்குப் பகல். ஐரோப்பியர் கண்ணசரும் பின்னிரவு 3 மணி நமக்கு காலை 6.30 (அவர்களது குளிர்காலத்தில் 7.30). குளித்து, காபி குடித்துவிட்டு உட்காரும் ஒருவரை எதிர்த்துத் தூக்கக் கலக்கத்தில் ஒருவர் ஓட்ட வேண்டியிருக்கிறது. ஸ்டிண்ட் என்று சொல்லப்படும் ஓட்ட முறைகளை அட்டவணையிடும்போது தொலைவு இங்கே முதலீடாக மாறுகிறது. 100 மில்லிசெகண்டைப் பறிக்கும் அதே தீர்க்கரேகை, உறங்கி எழுந்த உடலைத் தருகிறது. இந்தத் தலைகீழாக்கத்தை எந்த அமைப்பாளரும் திட்டமிடவில்லை. அணிக்குள் பேச்சும் மாறுகிறது. 'காலையில்', 'இரவில்' என்பவை மறைந்து, '18-ஆம் மணியில் நீ ஏறு' என்று பந்தயத்தின் வயதைக் கொண்டே பேசிக்கொள்கிறார்கள்.

2020-இல் இந்த உலகம் திடீரெனப் பொதுப்பார்வைக்கு வந்தது. பெருந்தொற்றால் நிஜ லெ மான்ஸ் செப்டம்பருக்குத் தள்ளிப்போக, அதற்குரிய ஜூன் 13, 14 தேதிகளில் ஆர்ஃபாக்டர் 2 மென்பொருளில் பந்தயம் நடந்தது. 50 கார்கள், 37 நாடுகளின் 200 ஓட்டுநர்கள். ஒவ்வொரு அணியிலும் உரிமம் பெற்ற நிஜ ஓட்டுநர்களும் கணினி ஓட்டுநர்களும் கலந்திருந்தனர். சர்வர் கோளாறால் பந்தயம் இருமுறை சிவப்புக் கொடி காட்டி நிறுத்தப்பட்டது. லூயி டெலெத்ராஸ், ரஃபேலே மார்சியெல்லோ ஆகியோருடன் போலந்தின் கணினி ஓட்டுநர்கள் நிகோடெம் விஷ்னியெவ்ஸ்கி, கூபா ப்ஷெஜின்ஸ்கி ஆகியோரும் சேர்ந்த ரெபெலியன் வில்லியம்ஸ் அணி வென்றது. 2023 ஜனவரிப் பந்தயத்தில், முன்னணியில் இருந்த மாக்ஸ் வெர்ஸ்டாப்பனின் கார் சர்வர் தொடர்பை இழந்து பின்தங்க, அணி விலகிக்கொண்டது. சர்வரின் பாதுகாப்பு மீறப்பட்டிருக்கலாம் என்று அமைப்பாளர்கள் விளக்கினர். லெவெக்கின் எஞ்சின் உடைந்தபோது உடைந்த பாகத்தைக் கழற்றிக் கையில் எடுத்துப் பார்க்க முடிந்தது. இங்கே உடைந்தது எது என்பதைக் காண ஓட்டுநருக்கு வழியில்லை. நிறுத்துவதா, இழந்த சுற்றைத் திருப்பித் தருவதா என்பதெல்லாம் நடத்துபவரின் கையில் இருந்தது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்த வரலாற்றின் முதன்மைச் சான்றுகள் மிக விரைவாக அழிகின்றன. கிராண்ட் பிரி லெஜெண்ட்ஸ் காலத்து லீக்குகளின் முடிவுப் பட்டியல்களும் விதித்தொகுப்புகளும் பெரும்பாலும் மறைந்துவிட்டன. இந்தியாவிலிருந்து இத்தகைய பந்தயங்களில் ஓட்டியவர்களோ நடத்தியவர்களோ இதைப் படிக்க நேர்ந்தால், உங்கள் ஸ்டிண்ட் அட்டவணைகளையும் முறையீட்டுக் கடிதங்களையும் அழித்துவிட வேண்டாம். குறிப்பாக, ஒரு நேரத்தை அடித்து வேறொன்றை எழுதிய அட்டவணைகள் இருந்தால் எனக்குத் தனிச்செய்தியில் தெரிவியுங்கள்.